நான் திருப்பாத குமிழ்

ஒரகடத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் டெஸ்டிங் லைனில் எனக்கு வேலை. இரண்டு ஆடியோ போர்டுகளைக் கேட்டு ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக வைக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான்.

குன்றத்தூரில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஜெபா, ஒரே ஒரு ஐசி சிப்பை வைத்து எளிமையாக ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்தான். நான் டிரான்சிஸ்டர்களை அடுக்கிப் பெரிதாக ஒன்று செய்திருந்தேன். எது நல்ல சர்க்யூட் என்று பார்க்க, இரண்டையும் மாற்றி மாற்றி அவனைக் கேட்க வைத்தேன். என்னுடையதில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தெரிந்தும் வால்யூம் குமிழைத் திருப்பிக் குறைக்கவில்லை. சத்தம் கூடினால் எந்தக் காதும் ஏமாறும்.

"உன்னுதுதான் சூப்பரா கீது மச்சான். என்னுது வேஸ்ட்டு" என்றவன், அப்போதே தன் போர்டைப் பிரித்து, ஐசியை என்னிடமே கொடுத்தான்.

அவன் ஷிஃப்டுக்குப் போன ஒரு நாள், அதே ஐசியை வைத்து அவன் சர்க்யூட்டை மறுபடி செய்து, சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டேன். என்னுடையதில் மெல்லிய இரைச்சல். அவனுடையதில் அதுகூட இல்லை.

நேற்று கேன்டீனில் ஒரு நண்பனிடம், "ஆம்ப்ளிஃபயர்னா இவன் இன்னா சொல்றானோ அத்த செய்டா. இவன் காது மெஷின் மாதிரி" என்று என் தோளில் தட்டினான் ஜெபா. நான் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் குமிழ் அன்று என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.