மதினி சொல்லாத வாக்கு

மதினியின் வலது உள்ளங்கையில் எப்போதும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் அவரவர் மலைக்குப் பிரிந்ததும் முதல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மதினி மரத்தைத் தொடமாட்டார். கத்தியையும் வாளியையும் ஓரமாக வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, கையை விரித்து மண்ணில் வைப்பார். உதடு ஒரே ஒரு தடவை அசையும். பிறகு கையைத் தட்டக்கூடச் செய்யாமல் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுவார். அந்தக் கையால்தான் பத்து மணிக்கு ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுப்பார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் வைப்பேன். மண் வயிற்றுக்குள் போய் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

பயம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கல்யாணமாகிக் கரவனெல்லவுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். அங்கே சுற்றிலும் தமிழ். இங்கே கடையில் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சிங்களம். மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, இங்கேயே பிறந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் மாதிரி. எங்களுக்கு அடுத்த காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தார். நான் எங்கே போனாலும் அவருடைய சேலையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் நடப்பேன்.

அந்த நாட்களில் என் கையில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு இருந்தது. புத்த பன்சலையில் பிக்கு கட்டிய வெள்ளைப் பிரித் நூல் இருந்தது. கழுத்தில் டவுன் தேவாலயத்தில் கொடுத்த சின்ன மாதா படம். ஒன்றைக் கழற்றினால் அந்தச் சாமி கோபித்துக்கொள்ளுமோ, கழற்றாவிட்டால் மற்றது கோபித்துக்கொள்ளுமோ என்று அதுவே ஒரு கவலை. மதினி பார்த்துச் சிரிப்பார். "உன்னைப் பாத்தா எல்லாச் சாமி படமும் ஒட்டி வச்ச பஸ் மாதிரி இருக்கு புள்ள. பிரேக் மட்டும் பிடிக்காது."

அவர் கோயிலுக்கு எதிரியில்லை. திருவிழாவுக்கு வருவார், பொங்கல் சாப்பிடுவார், உள்ளே மட்டும் வரமாட்டார். பூசாரி ஒரு தடவை கேட்டே விட்டார். "உள்ள கூட்டம் ஐயா. எனக்குப் பேச ஒரு ஆள் போதும்" என்றார். மோட்டார் சைக்கிளில் வருகிற ஜெபக்காரத் தம்பி, "அம்மா, ஆண்டவர் உங்களைத் தேடுறார்" என்று சொன்னபோது, "நான் எங்கயும் போயிடலயே தம்பி. ஏழாம் நம்பர் மலையிலதான் பால் வெட்டுறேன், வரச் சொல்லுங்க" என்றார். அந்தத் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அன்றைக்கு முழுக்கக் கழுத்திலிருந்த மாதா படத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். "மண்ணுல கை வச்சு என்ன வேண்டுவீங்க மதினி?"

"ஒண்ணும் வேண்ட மாட்டேன். இருக்கியான்னு கேப்பேன்."

"யாரை?"

"அது தெரிஞ்சா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேனா?"

"பதில் வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு மதினி?"

"உன் வீட்டுக்காரன்கிட்ட ஒண்ணு கேட்டா பதில் வருதா? இருந்தும் அவன்கூடத்தானே இருக்கே?"

இது எனக்கு அப்போது விளங்கவில்லை. எதுவும் கேட்காமல் ஒரு சாமியா? கேட்பதற்குத்தானே சாமி? பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது, பால் வெட்டும்போது பாம்பு வரக்கூடாது, மேலே இருக்கிற மலை சரிந்து இறங்கக்கூடாது. எனக்குக் கேட்க அவ்வளவு இருந்தது. அதிலும் அந்தக் கடைசிப் பயம், மழை பெய்தால் போதும், தூங்க விடாது. எங்கள் லயம் மலையின் அடிமடியில் இருக்கிறது. எட்டுக் காம்பராக்கள், ஒரே கூரை, பின்சுவருக்கும் மண்சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற இடம்.

என் மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது வந்த மழை அது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது, அதனால் வேலையில்லை. மூன்றாம் நாள் காலையில் மதினி லயத்துக்குப் பின்னால் போய்க் கொட்டுகிற மழையில் குந்தி மண்ணில் கை வைத்தார். நான் வாசலிலேயே காத்திருந்து, வந்ததும் கேட்டேன். "என்ன சொல்லுது மதினி?"

"மழைச் சத்தத்துல என் குரலே எனக்குக் கேக்கல. போய் அடுப்பைப் பாரு புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். இதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை விட்டது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. எல்லோரும் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காயப்போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மதினி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நின்றேன். அப்போது எதிர் மேட்டிலிருந்து, அங்கே கித்துள் மரத்தில் பாளை சீவுகிற சிங்கள ஐயா, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். "நாய யனவா! நாய யனவா!"

எங்கள் லயத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பழுப்பு நாய் இருந்தது. முதல் நாள்தான் என் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அது மறுபடியும் எதையோ தூக்கிக்கொண்டு போகிறது, அவர் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். மகளிடம், "நாய் போகுதாம், வா பாப்போம்" என்று சொல்லி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேடினேன். அவர் இன்னும் கத்தினார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் இருக்கும்.

மதினி வாளியோடு வந்தார். "மதினி, எதிர் மேட்டு ஐயா நம்ம நாய் போகுதுன்னு கத்துறார். தமிழ் படிச்சிட்டார் போல" என்றேன்.

வாளி கீழே விழுந்தது. "நாய் இல்ல புள்ள! சிங்களத்துல நாயன்னா மலை இறங்குறது! ஓடு!" என்று என் முதுகில் ஓங்கி அடித்துப் பாதைக்குத் தள்ளினார். நான் ஓடினேன். அவர் என்னோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது எங்கள் கதவிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். விரலால் இல்லை, முழு உள்ளங்கையால். "வெளிய வாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க!" மூன்றாம் காம்பரா அக்கா கைக்குழந்தையோடு ஓடி வந்தார். நாலு, ஐந்து, ஆறு. எட்டாம் காம்பராக்காரர்கள் சத்தம் கேட்டுத் தாங்களாகவே ஓடி வந்துவிட்டார்கள். ஏழாம் கதவு மட்டும் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் காலை பஸ்ஸிலேயே டவுனுக்குப் போயிருந்தார்கள். மதினிக்கு அது தெரியாது. தட்டிக்கொண்டே நின்றார்.

கல் லொறி சரக்கைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பச்சை வேர் வாடை. அவ்வளவுதான். ஆறு காம்பராக்கள் நின்றன. ஏழும் எட்டும் இல்லை. லயத்தில் எல்லோரும் பிழைத்தோம், மதினியைத் தவிர.

செத்த வீட்டில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "காலையில மண்ணைத் தொட்டாங்கதானே, உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். அடுத்ததாக, அந்த ஐயா கத்தியதை முதலில் கேட்டது யார் என்று கேட்பார்கள் என எனக்குத் தோன்றியது. அந்தக் கேள்வி வராமலிருக்க வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னைக்கு மண்ணு சரியில்லன்னு சொன்னாங்க." ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிவதற்குள் ஏழாம் வாசல் இருந்த இடத்தில் ஒரு கல் நட்டுவிட்டார்கள். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, வேல் குத்தி, கதவம்மா என்று பெயரும் வைத்தார்கள். பேர் தெரியாததோடு பேசிக்கொண்டிருந்த மதினிக்கு இப்போது ஒரு பேர். உள்ளே கூட்டம் என்று ஒதுங்கியவருக்கு முன்னால் வெள்ளிக்கிழமையில் கூட்டம். நான் அந்தக் கல்லுக்கு முன்னால் போனால் கும்பிட மாட்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடப்பேன். பக்தி என்று நினைத்தார்கள்.

வேறு இடம் தருவதாக அப்போது சொன்னார்கள், இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சிய ஆறு காம்பராவில்தான் நாங்கள் இருக்கிறோம். போன மழைக்குக் கிராம சேவகர் வந்து, எல்லோரும் இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூட்டை கட்டிவிட்டேன். மூன்றாம் காம்பரா அக்கா கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து நிதானமாக அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"நான் வரல. அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லலயே. நேரம் வந்தா அன்னைக்கு மாதிரி சொல்லுவா. போன தடவ ஸ்கூல் தரையில கெடந்து புள்ளைக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்."

மற்றவர்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவர் கையில் இருந்த குழந்தைக்கு இப்போது ஏழு வயது. அது வாசலில் மழைத்தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. மேலே மலை தெரியவில்லை, முகில்தான் தெரிந்தது. மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மலைக்குப் பயந்தா, சொல்லப்போவதற்குப் பயந்தா என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, மதினி அன்னைக்கு ஒண்ணும் சொல்லல."

"என்னது?"

"மண்ணு சரியில்லன்னு அவங்க சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். கித்துள் ஐயா கத்தினதை நான்தான் மொதல்ல கேட்டேன். நாய்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு நின்னேன். மதினி வந்து கேட்டப்புறம்தான் தட்டினாங்க."

அவர் அரிசியிலிருந்து கையை எடுத்தார். "வாயைக் கழுவு. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"தெரிஞ்சிருந்தா ஆள் இல்லாத வீட்டுக் கதவை ஏங்க்கா தட்டுறாங்க? அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் தட்டினாங்க."

அரிசித் தண்ணீர் சட்டியில் ஆடி நின்றது. அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீ சிரிச்சுக்கிட்டு நின்ன நேரத்துல அவங்க எட்டுக் கதவையும் தட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார்.

யார் வாயிலிருந்தும் வந்துவிடக்கூடாது என்று ஏழு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்தச் சொல்லுக்குத்தான். அவர் எழுந்து, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, களைந்த அரிசியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். மற்றவர்களும் அவர் பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

அந்தத் தடவை மலை இறங்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். பயந்தாங்கொள்ளி என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பீலியில் நான் நின்றால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. முன்பு கல்லிடம் நிறையப் பேசுவார். இப்போது வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் பள்ளிக்கூட மேசையில் வைத்து எழுதுகிறேன். முந்தாநாள் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை யாரும் வந்து போகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர், "பொறு, பாப்போம்" என்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. மலை இறங்குமா என்று எனக்குத் தெரியாது. இறங்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, மகளைப் பாதையில் நிறுத்தி, கதவுகளைத் தட்டத் தொடங்கினேன். தட்டுகிற சத்தம் மழையில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் கதவு, அடுத்தது எங்களுடையது, அதைத் தாண்டி மூன்றாவதுக்குக் கையை ஓங்கினேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டி, கடுதாசிகளைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நாலாம் காம்பராவுல தூங்குறாங்க. பலமாத் தட்டு" என்றார்.