விட்டுப்போன கதவு

கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டு ஹோட்டலில் திரை கட்டிப் படம் காட்டுவதென்றால் காளிராஜ்தான். தோட்ட வேலைக்கு வந்தவர், காரைக்குடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார். டிராவல் ஏஜெண்டுகளுக்கும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் அவர் செய்யாத ஸ்லைடு இல்லை. சிவப்புப் பின்னணியில் தங்க எழுத்து; ஒவ்வொரு வரியும் சுழன்று வந்து உட்காரும். உட்கார்ந்ததை அப்படியே வாசிப்பார். முன்வரிசையில் யாராவது தூங்கிப்போனால் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொள்வார்.

கையில் ரிமோட்டோடு நிற்கும்போதுதான் அவர் முதுகு நிமிரும். வீட்டில் மனைவி நாகவல்லி முன்னால்கூட அப்படி நின்றதில்லை. அந்த இடத்துக்குத்தான் மீனலோசனி வந்து சேர்ந்தாள்.

சென்னையில் படித்துவிட்டு விளம்பர வேலைக்கு வந்த காரைக்குடிப் பெண். கம்ப்யூட்டரைத் திறக்குமுன், பார்க்கப்போவது யார், பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாள். அதற்கப்புறம் ஒரு ஸ்லைடுக்கு ஒரே படம், கீழே நாலைந்து வார்த்தை. மிச்சத்தை வாயால் சொல்வாள். இது ஒரு வேலையா என்று காளிராஜ் சிரித்தார். ஆனால் ஏஜெண்டுகள் கைதட்டினார்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் அவருக்கு அடங்கவே இல்லை. அவள் எடுக்கும் படத்துக்கு வெயில்கூட ஒத்தாசை செய்வதாகத் தோன்றியது.

போகட்டும் என்று பொறுத்திருப்பார். பங்காளிகள் கூட்டத்தையும் அவளிடமே கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வீடு ஒருவருடையது அல்ல. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு அறை உண்டு. முதலாளி ஆதித்தனும் அவர்களில் ஒருவர். மற்றவர்களிடம் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்துகிறார். முன்னோருக்குப் படைப்பு வைக்க எல்லோரும் ஊருக்கு வரும்போது குத்தகையைப் புதுப்பிப்பது வழக்கம். ஒரே ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஹோட்டலை மூட வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் எப்போதும் பேசியவர் காளிராஜ். இந்த வருஷம் மீனலோசனி பேசட்டும் என்று ஆதித்தன் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் மீனலோசனி அவரைக் கூப்பிட்டு மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

"அண்ணே, இந்த வீடு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்றீகளா?"

பார்த்தார். கண்ணைப் பறித்தது, பாவி. ஒவ்வொரு அறைக் கதவும் திரை நிறைய நின்றது, கீழே அந்தப் பங்காளியின் பெயர் மட்டும். ஏகப்பன் என்ற பங்காளியின் அறைக் கதவை மட்டும் காணோம். விருந்தாளிக்கு விடாமல் பாத்திரம் போட்டுப் பூட்டியிருக்கும் அறை; அதனால் அவள் படமெடுக்கவில்லை. தன் கதவைத் தேடாத பங்காளி உலகத்தில் கிடையாது என்பது காளிராஜுக்குத் தெரியும்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

வீட்டுக்குப் போனதும் தன் பழைய ஸ்லைடுகளை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். நாளைக்கு அவள் மூக்குடைந்து நிற்கும்போது தான் எழுந்து போவதை நினைத்துப் பார்க்கவே இனித்தது.

நினைத்தபடிதான் நடந்தது. கடைசிப் படம் முடிந்ததும் ஏகப்பன் மனைவி நீலாயதாட்சி ஆச்சி, தங்கள் அறையை எங்கே காணோம் என்று கேட்டார். ஏகப்பன் மூடியிருந்த பேனாவைத் திறக்கவில்லை. மீனலோசனி ஸ்லைடுகளைப் பின்னால் தள்ளித் தேடினாள். காளிராஜ் எழுந்தார்.

"ஆச்சி, எங்கிட்ட இருக்கு" என்றபடி பென் டிரைவைச் செருகினார்.

சிவப்புத் திரையில் எல்லாக் கதவுகளும் ஒரே ஸ்லைடில் தீப்பெட்டிப் படமாகச் சுழன்று வந்து உட்கார்ந்தன. அதன்மேல் தங்க எழுத்து வந்து விழுந்தது. ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதுல எது எங்களுது? ஒண்ணும் வெளங்கலையேப்பா."

காளிராஜ் விரலால் காட்டினார். விரலின் நிழல்தான் பெரிதாகத் தெரிந்தது. அதற்குள் மீனலோசனி பக்கத்தில் வந்து, அந்தக் குட்டிப் படத்தின் மூலப் படத்தைக் கோப்பில் தேடியெடுத்து, திரை நிறைய வைத்து, கீழே பெயரை மட்டும் அடித்தாள். பூட்டோடு கதவு எழுந்து நின்றது. தான் கல்யாணமாகி வந்து முதலில் நுழைந்த நிலைவாசல் என்று ஆச்சி எல்லோரிடமும் சொன்னார். ஏகப்பன் பேனாவைத் திறந்தார். படம் காளிராஜ் அண்ணன் எடுத்தது என்று மீனலோசனி சொன்னாள். கைதட்டல் என்னவோ அவளைப் பார்த்துத்தான் விழுந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் ஆதித்தன் காளிராஜிடம் வந்தார்.

"நேத்து ஒங்கிட்டக் காட்டச் சொல்லி மீனலோசனிகிட்டச் சொன்னேனே காளி. பாத்தியா இல்லையா?"

காளிராஜ் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கேயே நின்றிருந்த மீனலோசனி அவரை ஒரு கணம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது.

"அவுகளுக்கு நான் காட்டலைங்க. நேரமில்லாமப் போச்சு. என் தப்புத்தான்" என்றாள்.

இனி காளியைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று ஆதித்தன் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையாட்டினாள். திட்டு வாங்குவதைக்கூட அவள் அழகாகச் செய்தாள். பார்த்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு நிமிர்ந்து நிற்க அவருக்கென்று ஓர் இடம் மிச்சமிருந்தது. அதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்று அவருக்கு எரிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். பந்தியில் அவள் தன் பக்கத்து இலையைக் காட்டி, "வாங்கண்ணே" என்றாள்.