அதே பச்சைச் சேலை

மாத்தளையிலிருந்து நாவுல போகும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெரியவரைப் பார்ப்பேன். சட்டைக் காலரின் பின்னால் குடையைக் கொளுவியிருப்பார். மடியில், பூப்போட்ட தாளில் சுற்றிய பார்சல். முதியோர் இல்லத்தில் இருக்கும், நினைவு தப்பிய மனைவிக்கு.

"இன்னைக்கு என்னங்க ஐயா?"

"அதே பச்சைச் சேலதான் மகள். பிரிச்சிப் பாத்துச் சந்தோஷப்படுவா. வரும்போது எடுத்துட்டு வந்துருவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டுப் பெட்டி, பழைய படங்கள் ஒட்டிய அல்பம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். "புதுசா ஏதாச்சும் குடுங்களேன்!"

"புதுசு குடுத்தா எனக்கு எப்புடித் தெரியும்? 'போன கிழமையும் இதத்தானே குடுத்தீங்க, கஞ்ச மனுசன்'னு ஒருநாள் அவ ஏசணும் மகள்."

அவர் இறங்க எழுந்தபோது பார்சலைப் பார்த்தேன். தாளின் மடிப்புகளில் பூக்கள் அழிந்து வெளுத்திருந்தன.