அயோவா கவர்னருக்குக் காபி

வெள்ளை மாளிகையில் மார்லிஸ் கூபியாக் நடக்கும் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் உடைப் பிரிவுக்காரி அவளுடைய கறுப்புக் காலணிகளின் அடியில் கம்பளித் துண்டை ஒட்டிவிடுவாள். அதற்குப் பிறகு பூனை நடைதான். பர்பாங்க்கில் ஒரு ஸ்டுடியோவின் பெரிய கொட்டகைக்குள் நின்றது அந்த மாளிகை. தூண், சலவைக்கல், கொடி எதற்கும் குறைவில்லை. தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒட்டுப்பலகை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ரோஜாத் தோட்டம் துணியில் எழுதியது.

'ஜனாதிபதியின் காலை' என்ற அந்தத் தொலைக்காட்சித் தொடரில் ஆறு வருஷமாக மார்லிஸ் பின்னணிக் கூட்டத்தில் ஒருத்தி. ஜனாதிபதியின் அறைக்கு வெளியே, வலப்பக்கத்து மேசை அவளுடையது. போனை எடுத்துப் பேச வேண்டும், ஆனால் உதடு மட்டும் அசைய வேண்டும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஆனால் காகிதம் சலசலக்கக் கூடாது. முன்னால் முக்கிய நடிகர்கள் நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருப்பவர்கள் தும்மினாலும் குற்றம்தான். பக்கத்து மேசை ரோசால்பா போனில் உதட்டாலேயே ஜெபம் சொல்வாள். "ஆறு வருஷத்துல நான் சொன்ன ஜெபத்துக்கு, இந்த மாளிகைக்கு இடி விழாது பாரு" என்பாள்.

மார்லிஸ் ஜெபம் சொல்வதில்லை. நிஜமாகவே ஆபீஸ் நடத்துவாள். யார் போனில் இருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், யாரைக் காக்க வைப்பது, எல்லாம் அவள் மனசுக்குள் ஓடும். அதற்கு அவள் புருஷன் லென்னிதான் காரணம். லென்னி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். தொடர் வரும் புதன்கிழமைகளில் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்வார்கள். லென்னிக்கு ஜனாதிபதியும் வேண்டாம், போரும் வேண்டாம். மூலையில் மனைவியின் காது தெரிந்தால் போதும், முள்கரண்டியால் தட்டைத் தட்டுவான்.

முதல் வருஷமே அவன் கேட்டான்: "அவ பேரு என்ன?"

"யாரு பேரு?"

"அந்த மேசைல உக்காந்திருக்கிறவ பேரு. பேரே இல்லாம ஒரு பொம்பள எப்படி கவர்மென்ட்ல வேலை பாப்பா?"

"கூட்டத்துல இருக்கிறவங்களுக்கு எவன் பேரு வைப்பான், லென்னி?"

"நான் வைக்கிறேன். மிசஸ் ப்ரூயிட்."

பெயர் வைத்ததோடு விட்டானா? மிசஸ் ப்ரூயிட் விதவை என்றான். ஒரு நாய் உண்டு. ஜனாதிபதியை அவளுக்குப் பிடிக்கும். துணை ஜனாதிபதியை அறவே பிடிக்காது, ஏனென்றால் அவர் காபிக் கோப்பையை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். மறுவாரம் மார்லிஸ் தங்கள் நாய் பிக்கிளின் படத்தைச் சட்டம் போட்டு அந்த மேசையில் கொண்டுபோய் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது மாளிகையின் சாமான்களில் ஒன்று.

இருபத்து மூன்று வயதில் டுலூத் ஊரின் பனியை விட்டு நடிக்க வந்தவள் மார்லிஸ். ஒரு கெட்ச்அப் விளம்பரத்தில் அவள் கை வந்தது. ஒரு துப்பறியும் படத்தில் பிணமாகக் கிடந்தாள், அதிலும் முகத்தை மூடிவிட்டார்கள். ஐம்பது தாண்டிய பிறகு அந்த ஆசை எலும்புக்குள் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். அந்த மேசை மட்டும் வேண்டும். அது போனால் தாங்காது என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்தது நீளமான நடைக் காட்சி. ஜனாதிபதி தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வருவார். தலைமை அதிகாரி கூடவே பேசிக்கொண்டு வருவாள். காமிராவை உடம்பில் கட்டிக்கொண்ட ஆள் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடப்பான். நடுவில் வெட்டே கிடையாது. கடைசியில் மார்லிஸின் மேசையைத் தாண்டி ஜனாதிபதி அறைக்குள் போக வேண்டும். அங்கே அவருடைய முப்பது வருஷ நண்பர் காத்திருக்கிறார். அவரை வேலையை விட்டு நீக்கப் போகிறார் ஜனாதிபதி.

காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஏதாவது கெட்டது. ஒருத்தன் கதவைத் தாமதமாகத் திறந்தான். ஒருதரம் விளக்கு அணைந்தது. மதியச் சாப்பாடு தள்ளிப்போக, எல்லார் முகத்திலும் எள் போட்டால் பொரியும்.

அப்போதுதான் அந்த நல்ல தடவை வந்தது. எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஜனாதிபதியாக நடிக்கும் டெஸ்மண்ட் ஹாலோவே மேசை வரை வந்துவிட்டார். வந்தவருக்கு வசனம் மறந்துபோனது. பழம் தின்று கொட்டை போட்டவர்; திணறலைக் காட்டிக்கொள்ளாமல் நின்றார். கண் எதேச்சையாக மார்லிஸ் மேல் விழுந்தது.

"அடுத்து யாரு?" என்றார்.

தலைமை அதிகாரியாக நடிப்பவள் பிடித்துக்கொள்வாள் என்றுதான் அவர் கேட்டது. ஆனால் மிசஸ் ப்ரூயிட் பதில் சொல்லிவிட்டாள்.

"அயோவா கவர்னர், சார். ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு. காபி குடுத்துட்டேன்."

சத்தமாக. கணீரென்று.

கதையில் அயோவா கவர்னர் என்று ஒருவரே இல்லை. ஹாலோவே ஒரு நொடி அவளையே பார்த்தார், பிறகு வசனம் நினைவுக்கு வர, அறைக்குள் போனார். ஆனால் அதற்குள் உதவி இயக்குநர் டேட் தலையில் கை வைத்துவிட்டான்.

கூட்டத்தில் இருப்பவர் வாய் திறந்து வசனம் பேசி அது காட்சியில் நின்றால் அவர் நடிகர் கணக்கு; நடிகர் சம்பளம் தர வேண்டும். சங்க விதி அப்படி. அதற்காகவே வேண்டுமென்று வாயைத் திறப்பவர்கள் உண்டு. அவர்களை மறுநாள் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

டேட் அவளைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனான். "நீங்களுமா மார்லிஸ்? இதெல்லாம் நேத்து வந்த பசங்க பண்ற வேலை."

"வேணும்னு பண்ணல டேட். அவர் கேட்டாரு..."

"அவர் ஜனாதிபதி இல்ல மார்லிஸ். நடிகர்."

கேட்டது ஜனாதிபதிதான் என்று சொன்னால் பைத்தியம் என்பான்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கம்பளி ஒட்டிய காலணியோடேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையலறைத் தரையில் அவள் நடந்தது லென்னிக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"ஏன் இப்படித் திருடன் மாதிரி வர்ற?"

நடந்ததைச் சொன்னாள். லென்னி அடுப்பில் இருந்த பீன்ஸைக் கிளறுவதை நிறுத்தினான். "காபி குடுத்துட்டேன்னு வேற சொன்னியா?"

"சொன்னேன்."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. தோள் குலுங்கியது.

"சிரி. நல்லா சிரி. உன்னாலதான். பேரு வெச்சியே, நாயைக் குடுத்தியே, இப்போ வேலையப் பறிச்சிட்டா அந்தப் பொம்பள."

"கூப்பிடுவாங்க மார்லிஸ்."

"ஆமா, கூப்பிட்டு மாலை போடுவாங்க."

வழக்கமாக மறுநாள் வேலைக்கு மாலையிலேயே போன் வரும். அன்று வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அன்று தொடர் ஓடும்போது லென்னி காதைத் தேடினான், முள்கரண்டியைத் தூக்கினான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். வியாழக்கிழமை ரோசால்பா கூப்பிட்டாள்.

"உன் நாற்காலில ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்காடி. பபிள்கம் வேற. நாய்ப் படத்தக் கவுத்து வெச்சிட்டா. நான் நிமித்தி வெச்சேன், மறுபடி கவுத்துட்டா."

மார்லிஸ் போனை வைத்துவிட்டுப் பிக்கிளைக் குளிப்பாட்டினாள். தேவையே இல்லை, முந்தின நாள்தான் குளித்திருந்தது. பேரங்காடியில் ஆள் எடுக்கிறார்களாம் என்றாள் லென்னியிடம். அங்கே பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும். லென்னி ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் துடைத்தான். அவன் பேசாமல் இருந்தால் அவனுக்கும் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை லென்னி பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த நேரத்தில் போன் அடித்தது. டேட்.

"திங்கக்கிழமை வாங்க. அதே உடை. அந்த நடைக் காட்சிய மறுபடி எடுக்கிறோம்."

"அந்தப் பொண்ணு?"

"அவள விடுங்க. இயக்குநர் நீங்க கெடுத்ததப் போட்டுப் போட்டுப் பாத்தாங்களாம். நண்பனத் துரத்தப் போற மனுஷன ஒரு பொம்பள காபிக் கதை சொல்லி நிறுத்துறா, அந்த இடத்துலதான் காட்சிக்கே உயிர் வந்துச்சுன்னாங்க. அவங்களுக்கு அயோவா கவர்னர் வேணுமாம்." பிறகு, "வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும் மார்லிஸ். அன்னிக்குச் சொல்லியிருக்கணும்" என்றான்.

திங்கட்கிழமை வசனத் தாளில் அவள் பெயர் 'பெண்' என்று இருந்தது. ஒலிப்பதிவாளருக்கு ஓர் ஆசை வந்தது: அவள் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி வந்து சொல்லட்டும், காலடிச் சத்தம் கேட்கட்டும். உடைப் பிரிவுக்காரி கம்பளியை உரித்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக மார்லிஸ் மாளிகையில் சத்தத்தோடு நடந்தாள். டொம், டொம் என்றது. சலவைக்கல் வேஷம் போட்ட பலகை.

"பரண்ல ஆள் ஏறின மாதிரி இருக்கு" என்று ஹாலோவே சொல்ல, கொட்டகையே சிரித்தது. கம்பளி மறுபடி ஒட்டப்பட்டது.

விளக்கைச் சரிசெய்யும் இடைவெளியில் ஹாலோவே மேசையில் சாய்ந்தார். "ஆறு வருஷமா குட்மார்னிங் சொல்றேன். உங்க பேரக் கேட்டதே இல்ல. தப்புதான்."

"மிசஸ் ப்ரூயிட்" என்றாள் மார்லிஸ். சொன்ன பிறகுதான் அவர் கேட்டது வேறு என்று உறைத்தது. திருத்த வாயெடுப்பதற்குள் "எல்லாரும் இடத்துக்கு" என்று டேட் கத்தினான்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான புதன்கிழமை ரோசால்பாவும் ஆப்பிள் பலகாரத்தோடு வந்திருந்தாள். மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தாழ்வாரம் வந்தது, நடை வந்தது, மேசை வந்தது. மார்லிஸ் எழுந்து நின்ற நேரம் பார்த்துத் தலைமை அதிகாரியின் தோள் குறுக்கே வந்து அவள் முகத்தில் பாதியை மறைத்தது. ஆனால் குரல் கணீரென்று வந்தது. அயோவா கவர்னர், சார். காபி குடுத்துட்டேன்.

ஜனாதிபதி அறைக் கதவில் கை வைத்தார். திறக்கவில்லை. திரும்பி, தாளில் இல்லாததைச் சொன்னார்: "நன்றி, மிசஸ் ப்ரூயிட்."

அதை யாரும் வெட்டியிருக்கவில்லை. ரோசால்பா போட்ட கூச்சலில் பிக்கிள் சோபாவுக்கு அடியில் ஓடியது. லென்னி தட்டைத் தட்டவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தத் தோள்பட்டை நல்லா நடிச்சுது" என்றான் கடைசியில்.

"வாயை மூடு."

"அதுக்குப் பரிசே குடுக்கலாம்."

அவள் அவன் தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து அவன் மேல் எறிந்தாள். திரையில் ஜனாதிபதி தன் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

"ஆமா, அந்தக் கவர்னர் இன்னும் வெளியதான் உக்காந்திருக்காரா?" என்றான் லென்னி. "காபி ஆறியிருக்குமே."

"ரெண்டாவது கோப்பை குடுத்துட்டேன்" என்றாள் மார்லிஸ்.