முதலாம் வருஷத்துக்குப் போனவள்

ஓடிப்போகிறவள் நிறைகுடம் பார்த்துவிட்டா போவாள்? கனடாவில், லோரன்ஸ் தெருப் பிளாசாவில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களிடம் இதைக் கேட்டால் பதில் வராது. ஒருத்தி சொல்கிறாள், பிரதீபா போலந்துக்காரன் ஒருவனோடு போய்விட்டாளாம். மற்றவள் சொல்கிறாள், இல்லை, கூடப் படித்த சீனப் பெடியனாம். எந்தப் பெடியன் என்றுகூட ஒத்துச் சொல்லத் தெரியாதவர்கள் ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்க வந்துவிட்டார்கள்.

பிரதீபா ஒருவரோடும் ஓடவில்லை. படிக்கப் போனாள். பட்டப்பகலில், தாயும் தகப்பனும் பக்கத்தில் நிற்க, வெக்ஸ்போர்ட்டில் அந்தப் பழைய பில்டிங்கின் ஏழாம் மாடியிலிருந்து வாசல் கதவால்தான் போனாள். போகும்போது வெட்கப்பட்டாள், அது உண்மை. அதை மூடி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெட்கம் எந்தப் பெடியனாலும் வரவில்லை. ஒரு சொல்லால் வந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில் அவளுக்கு யூனிவர்சிற்றி கிடைத்தது. தாய் ஜெயமலர் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை செய்தாள். வீட்டிலும் அவள் கை எதையாவது மடித்துக்கொண்டேயிருக்கும். மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன படிப்பு பிள்ளை?"

"லைஃப் சயன்ஸ், அம்மா."

"லைஃப் எண்டால் உயிர் தானே?"

"ஓம், ஆனால்..."

அந்த ஆனாலுக்குப் பிறகு வந்தது ஜெயமலரின் காதில் விழவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு மெடிசினுக்கு எடுபட்டால் எடுபட்டதுதான். முதலில் வேறொரு பட்டம் படித்து முடித்து, பிறகு திரும்பவும் வாசலில் போய் நிற்கிற வழக்கம் அங்கே இல்லை. உயிரைப் பற்றிய படிப்பு டொக்டர் படிப்பு இல்லாமல் வேறென்ன? பிரதீபா தலை முழுகிவிட்டு வருவதற்குள் ரெலிபோனில் செய்தி போய்விட்டது. "எங்கடை பிரதீபா மெடிசினுக்கு எடுபட்டிட்டாள்." பின்னேரம் தகப்பன் ஜெயரட்ணம் வேலையால் வரும்போதே லட்டுப் பெட்டியோடு வந்தார். பிளாஸ்டிக் பக்டரியில் மெஷின் கடித்த விரலால் ஒரு லட்டை எடுத்து மகளின் வாயில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் மென்று விழுங்கினாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். லட்டெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

"அம்மா, இது மெடிசின் இல்லை. இதை முடிச்சுப்போட்டுத்தான் மெடிசினுக்கு அப்ளிகேஷன் போடோணும். கிடைக்குமோ தெரியாது."

ஜெயமலர் மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்பிடியும் டொக்டராய் வரத்தானே போறாய். ஊருக்குச் சொன்னதைத் திருப்பி வாங்கேலாது. வாயை மூடிக்கொண்டு படி."

அன்றிலிருந்து அந்த பில்டிங்கில் அவள் பெயர் டொக்டர் பிள்ளை. முன் வீட்டில் இருந்தவர்கள் தில்லையம்பலமும் பெண்சாதி கோணேஸ்வரியும். தில்லையம்பலத்துக்கு முழங்கால் வருத்தம். எலிவேற்றருக்குள் பிரதீபாவைக் கண்டால் போதும், காற்சட்டையைச் சுருட்டிவிடுவார்.

"உதிலைதான் பிள்ளை, ஊசி குத்தினமாதிரி. வாதமோ?"

"உங்கடை டொக்டரைக் கேளுங்கோ, அங்கிள்."

"அவன் பேப்பரைப் பாத்துக்கொண்டு கதைக்கிறான். நீ என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுவாய்."

அவர் முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. லைப்ரரியில் புத்தகம் புரட்டி, சுடுதண்ணி ஒத்தடம் பிடிக்கச் சொன்னாள். நோவு கொஞ்சம் குறைந்ததாம். அவர் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை இரண்டு முழங்கால்கள் கூடுதலாக வந்தன. அதற்குப் பிறகு பிரதீபா எலிவேற்றரில் ஏறுவதை விட்டுவிட்டு, ஏழு மாடியும் படியால் ஏறி இறங்கினாள். டொக்டர் பிள்ளை உடம்பைக் கவனிக்கிறாள் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

பட்டம் முடிந்தது. இந்த மாகாணத்தில் இருந்த மெடிசின் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டாள். கிடைக்கவில்லை. டோனற் கடையில் முழுநேரமும் நின்று வேலை செய்துகொண்டு அடுத்த வருஷமும் போட்டாள். அதுவும் இல்லை. அவள் மொக்கு இல்லை. அங்கே வந்து நிற்கிற எல்லோருமே கெட்டிக்காரர்கள், இடமோ கொஞ்சம். இரண்டாம் முறை கிடைக்காததைத் தாய்க்கு பஸ் தரிப்பில் வைத்துத்தான் சொன்னாள். அங்கே தாய் சத்தம் போட மாட்டாள். ஜெயமலர் சத்தம் போடவில்லை. பஸ் வந்தது, அதில் ஏறாமல் விட்டுவிட்டாள். அதற்குப் பின்னால் வந்ததையும் விட்டாள்.

"உன்ரை டொக்டர் படிப்பு அடுத்த வருஷம் முடியுதாம் எண்டு கோணேஸ்வரியிட்டைச் சொல்லிப்போட்டன்," என்று கடைசியில் சொன்னாள்.

வெளியிலே போய்ப் படிக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்த மெடிசின் கொலிஜ்காரன் கூட்டம் வைத்தான். தீவு என்ற சொல்லைக் கேட்டதுமே ஜெயமலருக்கு முகம் சுழிந்தது.

"ஊரிலை தீவுப்பக்கத்துச் சம்பந்தமே வேண்டாமெண்டு நிண்ட சனம் நாங்கள். படிக்கத் தீவுக்கே போறது?"

"உன்ரை மாமி வேலணைத் தீவுக்காரி," என்றார் ஜெயரட்ணம். "அவ சமைச்சதை இருபது வருஷம் திண்டனீ."

பிரதீபா தீவுக்காக அதைத் தள்ளவில்லை. கூட்டத்தில் எழும்பி, போன வருஷம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரிகளில் பயிற்சி இடம் கிடைத்தது என்று கேட்டாள். அவன் கடற்கரையைப் பற்றிச் சொன்னான். திரும்பவும் கேட்டாள். புதிதாகக் கட்டிய கட்டடத்தின் படத்தைத் திரையில் போட்டான். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். வார்த்தையை வளைக்கிறவனை அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அதைத்தானே அவளும் செய்துகொண்டிருந்தாள்.

பக்கத்து ஊரான மிசிசாகாவில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, வேரோனிக்கா என்று பெயர், போலந்தில் ஆங்கிலத்தில் மெடிசின் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்து நின்றவளை பிரதீபா ரெலிபோனில் பிடித்தாள்.

"உண்மையைச் சொல்லட்டோ?" என்றாள் வேரோனிக்கா. "ஃபர்ஸ்ட் இயரிலை கனபேர் ஃபெயில். குளிர் இங்கையைப் போலதான், ஆனால் ஹீற்றிங் இங்கையைப் போல இல்லை. பேஷன்ற் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் வராது. போலிஷ் படிக்காட்டி வார்ட்டிலை மரம்மாதிரி நிப்பீங்கள்."

"திரும்பி வந்தால் இங்கை வேலை செய்ய விடுவினமோ?"

"ஷுவரா ஒருத்தரும் சொல்லேலாது. அமெரிக்கன் எக்ஸாமும் எழுதினால் சான்ஸ் கூட. கனடாவை மட்டும் நம்பி வராதையுங்கோ."

ஒரு நல்ல வார்த்தை கிடையாது அந்தப் பேச்சில், வளைத்த வார்த்தையும் கிடையாது. ரெலிபோனை வைத்துவிட்டு பிரதீபா போலந்துக்கே போடுவது என்று முடிவெடுத்தாள். கிடைத்தது. அவளுக்கு முதன்முதலாக மெடிசின் கிடைத்த நாள் அதுதான். லட்டு வாங்க ஆளில்லை.

ஜெயமலருக்கு வேறு கவலை. "அஞ்சு வருஷம் படிச்ச பிள்ளை என்னத்துக்குத் திரும்ப முதலாம் வருஷத்துக்குப் போகுது எண்டு கேப்பினம். ஸ்பெஷலிஸ்ட் படிக்கப் போறாள் எண்டு சொல்லுவம். இல்லாட்டி ஒண்டும் சொல்லாமல், பின்பக்கம் குப்பை இறக்கிற எலிவேற்றராலை இறங்குவம்."

"அம்மா, இனி நான் பொய்யிலை இருக்கேலாது."

"உனக்கென்ன, நீ போயிடுவாய். இங்கை இருக்கிறது நான்."

தாய் சொன்னது நியாயம்தான்.

அப்படியே குப்பை எலிவேற்றரால் இறங்கித்தான் போயிருப்பார்கள். ஆனால் ஜெயமலருக்கு முழுவியளம் வேண்டியிருந்தது. தூரப் பயணம் போகிறவர் வாசலைத் தாண்டும்போது, அயல்வீட்டுச் சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். இவர்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் அப்படி ஒருத்தி எதிரே வந்தாள். வழியில் மறித்த எந்த ஆமிக்காரனும் பிள்ளையைத் தொடவில்லை. குடம் எதிரே வராமல் மகளை அனுப்ப ஜெயமலருக்கு மனம் துணியவில்லை. அந்த மாடியில் அவர்களோடு பழகிய சுமங்கலி கோணேஸ்வரி ஒருத்திதான். மறைந்து போகவும் வேண்டும், ஒருத்தி எதிரே வரவும் வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும்?

போகிறதுக்கு முதல் நாள் பிரதீபாவே முன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கோணேஸ்வரி கறிவேப்பிலை உருவிக்கொண்டு வந்து திறந்தாள்.

"அன்ரி, நாளைக்குப் படிக்கப் போறன். நீங்கள் முழுவியளத்துக்கு வரோணும். அதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும்." கால்விரலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "நான் இன்னும் மெடிசின் தொடங்கேல்லை. இங்கை எனக்குக் கிடைக்கேல்லை. இவ்வளவு நாளும் சொன்னது பொய். அங்கிளுக்குச் சொன்னது லைப்ரரியிலை பாத்தது."

கோணேஸ்வரியின் கை கறிவேப்பிலைக் காம்பிலேயே நின்றுவிட்டது. "அஞ்சு வருஷம்," என்றாள். "என்ரை தங்கச்சியின்ரை மகளைப் பேசும்போது உன்னைக் காட்டித்தான் பேசினனான். அந்தப் பிள்ளை அழுதது."

பிரதீபா குனிந்து, நிலத்தில் விழுந்த இலையைப் பொறுக்கி நீட்டினாள்.

"கொம்மாவுக்குத் தெரியுமே நீ இங்கை நிக்கிறது?"

"தெரியாது, அன்ரி."

"சரி, போ." கதவைச் சாத்தினாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பிரதீபா வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். ஜெயமலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விடிய எழும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஆனால் மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். ஜெயரட்ணம் சூட்கேஸோடு வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். குப்பை எலிவேற்றரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கொரிடோர் வெறுமையாக இருந்தது. முன் வீட்டுக் கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே தில்லையம்பலத்தின் இருமல் கேட்டது. ஜெயரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவர்கள் கதவு திறந்த சத்தம் கேட்டு அந்த மாடியில் இன்னும் இரண்டு கதவுகள் திறந்து, தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெயமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் கொரிடோரின் மற்றக் கோடியில் எலிவேற்றர் திறந்தது. கோணேஸ்வரி வந்தாள். எதிரே வருவதென்றால் எதிரேதான் வர வேண்டும் என்று முன்னமே கீழே போய் ஏறி வந்திருக்கிறாள். கூறைச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமம். குடம் இல்லை. ஃபிறிட்ஜில் வைக்கிற நீலப் பிளாஸ்டிக் ஜக், விளிம்பு முட்டத் தண்ணீர். அது தளும்பித் தளும்பிக் கார்ப்பெற்றை நனைத்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. கொஞ்சத் தூரத்தில் நின்று, திறந்திருந்த கதவுகளுக்கெல்லாம் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"எத்தினையாம் வருஷத்துக்குப் பிள்ளை போறாய்?"

பிரதீபாவுக்குக் காது சுட்டது.

"முதலாம் வருஷத்துக்கு, அன்ரி."

"அப்ப வலது காலை வைச்சுப் போ," என்றாள் கோணேஸ்வரி.

தலை குனிந்தபடியே, வலது காலை வெளியே வைத்து, பிரதீபா வாசலைத் தாண்டினாள்.