ஒரே அறையில் கிளியும் குழந்தையும்

கிளி என்று நாங்கள் சொல்வது, கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற சின்னப் பறவையைத்தான். பச்சை உடம்பு, மஞ்சள் முகம். கல்யாணத்துக்கு முன்பு என் கணவர் ஜோடியாக வாங்கியது. துணை செத்துப்போய் இது மட்டும் மிஞ்சியது. எட்டு வயதுக்கு மேல் ஆகிறது. இந்தப் பறவைக்கு அது கிழட்டு வயது என்று தெரியும். ஆனால் இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதமே ஆன வீட்டில், கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

முதலில் கவனித்தவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மூத்த மகள். "அம்மா, கிளி பகல்லயே தூங்குதும்மா."

போய்ப் பார்த்தேன். இறகை உப்பிக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருந்தது. தீனிக் கிண்ணம் நிறைந்திருந்தது. சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று விரலால் கிளறினால், மேலே எல்லாம் வெறும் உமி. தினையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அதே கிண்ணத்தில் துப்பி வைத்திருக்கிறது. நிறைய இருக்கிறதே என்று நாங்களும் புதிதாகப் போடாமல் இருந்திருக்கிறோம். உமியை ஊதிவிட்டுத் தினை போட்டதும் அவசர அவசரமாகத் தின்றது. பசிதான், வேறொன்றுமில்லை என்று நிம்மதியானேன்.

அந்த நிம்மதி மறுநாள் முற்பகல் வரைதான். கிளி மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. அலகு லேசாகத் திறந்திருந்தது. அதே அறையில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் மூக்கடைப்பு. கிளியிடமிருந்து குழந்தைக்கு ஒட்டியதா, எங்களிடமிருந்து கிளிக்குப் போனதா? போனில் தேடித் தேடிப் படித்ததில் பயம்தான் கூடியது. மத்தியானம் வால் அடங்கிவிட்டது. அடுத்த நாள் காலை மறுபடி ஆடியது.

"வயசாயிடுச்சுடி. எவ்ளோ நாளைக்கி இருக்கும்?" என்றார் கணவர். அவர் வளர்த்த பறவை; அவர் குரலும் சரியாக இல்லை. "இல்லன்னா புள்ள கொஞ்சம் பெருசாவற வரைக்கும் யார்கிட்டயாவது குடுத்துடலாமா?"

குடுத்துவிடலாம்தான். இந்த நிலையில் இடம் மாறினால் அது பிழைக்காது என்றும் தோன்றியது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கூண்டின் மேல் துண்டைப் போர்த்தி, ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனேன். அங்கே நாய்களும் ஒரு ஆடும் காத்திருந்தன. பறவையோடு வந்தவள் நான் ஒருத்திதான்.

டாக்டர் இளம் பெண். கிளியைத் துணியில் சுற்றிப் பிடித்து, என் விரலை எடுத்து அதன் நெஞ்சில் வைத்தார். எலும்பு கத்தி விளிம்பு போல இருந்தது. இறகு உப்பலுக்குள் இவ்வளவு மெலிந்திருக்கும் என்று வெளியே தெரியவே இல்லை.

"பறவைங்க முடிஞ்சவரை நோயை மறைக்கும்மா. நமக்குத் தெரியறப்ப நாளாயிருக்கும்" என்றார். "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்ல டாக்டர்."

"கொசுவத்தி?"

"இல்ல. வலைதான் கட்டறோம்."

"வேற ஏதாவது புகை?"

"எதுவுமே இல்ல டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சொட்டு மருந்து கொடுத்தார். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்துச் சூடு காட்டணும், உட்காரும் குச்சியைக் கீழே இறக்கணும், சமையலறைத் தராசில் எடை பார்த்து வரணும் என்றார். எல்லாவற்றையும் செய்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வருவார். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கையோடு கொண்டுவரும் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி அந்தப் புகையில் முடியைக் காய வைப்பார். டாக்டரிடம் போய்வந்த மறுநாளும் அப்படித்தான் நடந்தது. வெள்ளைப் புகை எழுந்து ஜன்னல் பக்கம் போனது. ஜன்னலில் கூண்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளி கழுத்தை நீட்டியது. வால் ஆடத் தொடங்கியது.

பிறந்ததிலிருந்து இந்த வாசனையில் வளர்ந்தவள் நான். இதைப் புகை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. டாக்டர் மூன்று முறை கேட்டும் வாயில் வரவில்லை.

"அக்கா, நாளையிலேர்ந்து சாம்பிராணி வேணாங்க்கா. கிளிக்கு மூச்சு முட்டுது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, பெரிய படிப்பு படிச்சிட்டு இப்டிப் பேசற? கூண்டுல கெடக்கற அந்தக் கெழவனுக்காகப் புள்ள தலையில தண்ணி கோத்துக்கணுமா?"

"நல்லா துவட்டிக்கலாங்க்கா."

"சளி புடிச்சா என் மேல பழி சொல்லுவ. அப்ப அந்தக் கிளியையே கூப்ட்டுக் குளிப்பாட்டிக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தூபக்காலை முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டு, டீ குடிக்காமல் போய்விட்டார். காலையில் அவர் வரும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இருக்கிற ஒரே உதவி. அவர் வராவிட்டால்? அவர் சொல்வதுபோல் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டால்? ஒரு பறவைக்காகச் செய்தேன் என்று யாரிடம் சொல்வேன்?

மறுநாள் கொஞ்சம் தாமதமாக வந்தார். தூபக்கால் இல்லை. குழந்தையை மடியில் போட்டு, பழைய வேட்டித் துணியால் தலையை அழுத்தி அழுத்தி, வழக்கத்தைவிட நெடுநேரம் துவட்டினார். உள்ளங்கையை வைத்து உச்சியில் ஈரம் பார்த்தார். கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது மட்டும், "இன்னா சொல்றான் உங்க வூட்டுப் பெரிய மனுஷன்?" என்றார்.

"பரவால்லக்கா."

அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஒரு வாரமாக வீட்டில் புகை கிடையாது. காலையில் வால் ஆடுவது நின்றிருக்கிறது. எடை தராசில் ஒரு கிராம் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. நுரையீரலில் கெட்டது கெட்டதுதான், இனி இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். குழந்தைக்கு மூக்கடைப்பு விடவில்லை, கூடவும் இல்லை. இரண்டின் மூச்சையும் மாறி மாறிப் பார்க்கிறேன். தொட்டிலருகே குனிந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அப்படியே கூண்டுக்குப் போகிறேன். இன்று தாழ்ந்த குச்சியில் உட்கார்ந்து ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. வால் அசையவில்லை. அசையவில்லை என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு தடவை பார்த்தேன்.