அசுரர் வரிசையில் ஒரு மாப்பிள்ளை

கம்போடியாவில், அங்கோர் தோம் பழங்கோட்டையின் தெற்கு வாசலில் தாமரை மொட்டும் ஊதுவத்தியும் விற்று நான் கஞ்சி குடிக்கிறேன். வாசலுக்கு மேலே நாலு திசையும் பார்க்கிற பெரிய முகங்களைக் கும்பிடாமல் ஒரு நாளும் கடை விரித்ததில்லை. கீழே இருக்கிற ஒரு தலையை மட்டும் எப்படிக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அது ஐஸ்காரன் வன்னாக்கின் தலை.

வாசலுக்குப் போகும் அகழிப் பாலத்தில் ஒரு ஓரம் முழுக்கத் தேவர்கள், எதிர் ஓரம் அசுரர்கள், வரிசைக்கொரு நீளப் பாம்பை இழுத்தபடி இருக்கிறார்கள். பல பேருக்குத் தலை களவு போய்விட்டது. புதுத் தலை செய்ய வந்த சிற்பி மாதிரிக்கு முகம் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வன்னாக் முழு ஐஸ் பாளத்தைத் தோளில் தூக்கினான். கண் பிதுங்கியது, பல் நறநறத்தது. சிற்பி ஒரு பார்வைதான் பார்த்தார். அடுத்த மழைக்குள் அவன் அசுரர் வரிசையில் சேர்ந்துவிட்டான்.

அரிசிச் சேவை பிழிந்து விற்கிற யிம் அக்காவின் இளைய மகள் மாலிஸை அவனுக்குப் பேசியிருந்தார்கள். அசுரனோடு சம்பந்தம் வைத்தால், முன்னோருக்குப் படைக்கிற சோறு அவர்களிடம் போய்ச் சேராது என்று அக்கா பின்வாங்கினாள். பாவம், வன்னாக் அன்று முதல் சிரித்தபடியே திரிந்தான். சிரித்துக்கொண்டே பாளத்தைக் கால்மேல் போட்டுக்கொண்டான். தலையைத் தேவர் பக்கம் மாற்றச் சொல்லி சிற்பியிடம் கெஞ்சினான். அங்கே இடம் காலியில்லை என்றார் அவர். கடைசியில் என்னிடம் ஊதுவத்தி வாங்கிப்போய், கொஞ்சம் சிரிக்கும்படி தன் தலையிடமே வேண்டிக்கொண்டான்.

முடிவாக மறுத்துவிடும் முன், யிம் அக்கா குடை பிடித்துக்கொண்டு நேரில் பார்க்க வந்தாள். அசுரர்களைப் பார்த்தாள். குறுக்கே கடந்து தேவர்களைப் பார்த்தாள். வன்னாக் அவள் பின்னாலேயே நடந்தான்.

"ஏன்டா வன்னாக், இதுல பாம்ப இழுக்கிறது யாரு?"

"ரெண்டு பக்கமும்தான் அத்தை."

"இந்தத் தேவருங்க மூஞ்சியப் பாரு. நோகாம சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. இழுக்கிறவன் மூஞ்சியா இது?"

நான் வாசலுக்கு மேலே இருந்த முகங்களை அவசரமாக ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டேன்.

"சிரிச்ச மூஞ்சி ஒண்ணு எங்க வீட்டுத் தூளியில ஏற்கெனவே படுத்துக் கெடக்கு. மூத்த மருமகன். எனக்கு இழுக்கிறவன்தான் வேணும்."

வன்னாக்குக்கு வாயெல்லாம் பல்.

"சிரிச்சேன்னா பொண்ணு கெடையாது."

மாப்பிள்ளை ஊர்வலம் பழத்தட்டுகளோடு பாலத்தைக் கடந்தபோது, படம் பிடிக்கிறவர் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவன் மாமியாரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். நான் அந்தத் தலைக்கு முன்னால் ஒரு மொட்டு வைத்தேன். பக்கத்து அசுரன் மனம் நோகக் கூடாதே என்று அவனுக்கும் ஒன்று வைத்தேன்.